தாணுவின் காது

டாக்டர் அவர்களுக்கு,

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்களில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. அருவிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகி, தென்காசி வீட்டுக்குள் வந்த பிறகும் கத்திக்கொண்டிருப்போம். போன வாரம் உங்கள் அறையில் நான் உரக்கப் பேசியதற்கு அதுதான் காரணம். மற்றபடி நான் சத்தம் போடுகிறவள் இல்லை.

என் தம்பி தாணுவைச் சோதித்துவிட்டு, "அருவி இரைச்சலில் காது இந்த அளவுக்குக் கெடாதேம்மா, வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். உதட்டசைவை வைத்தே அவன் பதில் சொல்வதைப் பார்த்து, கெட்டிக்காரன் என்றீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டான். எனக்குத்தான் தாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா எங்களுக்கு விட்டுப்போனது ஒரு ரேடியோ செட். கல்யாண வீட்டிலும் கோயில் கொடை விழாவிலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ரெக்கார்டு போடுவோம். தாணு அதோடு நிற்கவில்லை. பழைய ரேடியோக்களைப் பிரித்து, விசிலடிக்கிற, உறுமுகிற பெட்டிகளைச் செய்தான். அந்தச் சத்தங்களை டேப்பில் பிடித்து, டேப்பை வெட்டி ஒட்டி வளையமாகச் சுற்றவிட்டான். ஜனங்கள் அதைக் கரண்டுப் பாட்டு என்றார்கள். நான் இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே விளக்கெண்ணெயும் சாயத் தண்ணீரும் விட்டு, ஸ்லைடு புரொஜெக்டரில் வைத்து, அவன் சத்தத்துக்கு ஏற்றபடி அழுத்துவேன். வேட்டித் திரையில் நிறங்கள் ஊரும். ஐந்தருவி போகிற சாலையில் ஒரு லாட்ஜ் தோட்டத்தில் சீசன் முழுக்கச் சாயங்காலம் இதுதான். புளியறை தாண்டி வருகிற மலையாளிகள்கூட நின்று பார்த்து, "கொள்ளாம்" என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

வேலை செய்யும்போது தாணு எனக்கு முதுகைக் காட்டி உட்காருவான். காதில் ஹெட்போன், கண் மூடியிருக்கும். ஹெட்போனுக்குப் போகிற சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அவனுக்குப் பின்னால், என் மேஜையில் இருந்தது. அவன் அதைத் தொட்டதே இல்லை. காது அவனுடையது, கை என்னுடையது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

1981 சீசனில், ஆனி மாதம், சென்னையில் பாட்டுப் பதிவு செய்யும் ஒருவர் அந்த லாட்ஜில் தங்கியிருந்தார். மூன்று நாள் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டார். ஆவணி பிறந்ததும் சென்னைக்கு வேலைக்கு வந்துவிடு என்று தாணுவிடம் சொன்னார். கலர் நன்றாக இருக்கிறது என்று என்னிடமும் ஒரு வார்த்தை சொன்னார்.

அன்று வீட்டில் அம்மா பாயசம் வைத்தாள். "அவன் போயிட்டா செட்டை வித்துருவோம். பொம்பளப் புள்ள குழாய் கட்ட வாரான்னா எவன் கூப்பிடுவான்? செண்பகத்துக்கு அந்தப் பொண்ணு கேட்டு வந்த சிவகிரி மாப்பிள்ளையவே முடிச்சிருவோம்" என்றாள், என்னைப் பார்த்து.

"ஆமாக்கா, நீயும் எத்தன நாளைக்குத்தான் வயரைத் தூக்கிக்கிட்டு அலைவே" என்றான் தாணு. அன்பாகத்தான் சொன்னான். நான் பாயசம் முழுவதையும் குடித்தேன்.

கடையத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற ஆதம் அண்ணாச்சி என்னிடம் எப்போதோ சொல்லியிருந்தார். "ஏ புள்ள, இந்த விசில் சத்தத்தைக் கூட்டி வச்சு ஹெட்போன்ல தினம் கேட்டான்னா காது செத்துரும். பொறவு திரும்பாது. திருகு ஒங்கிட்டதான இருக்கு, பாத்து வையி."

பார்த்துத்தான் வைத்தேன். முதல் நாள் ஒரு நூல் அளவு. மறுநாள் இன்னொரு நூல். நிகழ்ச்சிக்கு முன்னால் மெஷினைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, தினமும் அரைமணி நேரம் வெறும் விசிலை மட்டும் ஓடவிட்டேன். அவன் முகத்தைச் சுளித்தால் கொஞ்சம் குறைப்பேன். மூன்றாவது வாரம் அவனே, "எக்கா, விசில் மங்கலா வருது, கொஞ்சம் கூட்டேன்" என்றான். கூட்டினேன். அவன் கேட்டதால்தான் கூட்டினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்து அவன் இரண்டு தடவை அதைப் பிரித்தான். பற்ற வைக்க ஈயக் கம்பியை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஆடி பாதியில் ஒருநாள் சாயங்காலம் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் மரங்களை நிமிர்ந்து பார்த்தான்.

"எக்கா, இந்த வருசம் சில்வண்டே கத்தலியே?"

தோட்டம் முழுக்கக் காது கிழிகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தன.

"மழை ஜாஸ்திலே, அதான்" என்றேன். அன்றைக்கே நிறுத்தியிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் ஆவணிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

சென்னைக்குப் போனவன், காது எடுபடவில்லை என்று நாலாம் நாள் திரும்பிவிட்டான். வந்த பிறகும் மங்கலாக இருக்கிறது என்று அவன் சொல்லச் சொல்லத் திருகைக் கூட்டினேன். தைப் பொங்கலுக்குள் நான் பேசுவதும் கேட்காமல் போயிற்று. அவனைத் தனியே விட முடியாதென்று சிவகிரிச் சம்பந்தத்தை அம்மாவே வேண்டாம் என்றாள். செட்டை விற்கவில்லை. இப்போதும் சீசனுக்குப் போகிறோம். அவன் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று என் முகத்தைப் பார்ப்பான். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுவேன். ஜனங்கள் சிரிப்பதை அவனிடம் சொல்வதில்லை. அவனை நான் நன்றாகவே பார்த்துக்கொள்கிறேன், டாக்டர். ஒரு குறையும் வைக்கவில்லை.

தம்பியிடம் இதைச் சொன்னாயா என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கிறேன். இந்த ஐந்து வருடத்தில் எத்தனையோ முறை, திருகிலிருந்து சில்வண்டு வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல், வாய்விட்டு அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன். அவன் ஒருமுறைகூட என்னை ஏசியதில்லை. மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். சொன்ன அன்றைக்கு அவன் சோற்றை நானே பிசைந்து கொடுப்பேன், எனக்கும் நல்ல தூக்கம் வரும்.

சொல்லும்போதெல்லாம் அவன் டேப் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். நான் என் மேஜைப் பக்கம், அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் சொல்வேன்.