சிட்டுவின் படங்கள் திறக்காமல் போன விதம்

கம்ப்யூட்டரில் படம் திறக்கவில்லை என்றால் முதலில் அதை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும், தம்பி. பாதிக் கோளாறு அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்கலாம். கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள் மாறிவிட்டனவா என்று பார்க்கலாம். இதையெல்லாம் உன் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் செய்தேன். பலன் இருக்காது என்று தெரிந்தும் பொறுமையாகச் செய்தேன்.

நீ கெட்டிக்காரன். நேற்று வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாய். "வைரஸ்னா எல்லாத்தையும் ஒரேயடியா தின்னிருக்கும் மாமா. இது ஒண்ணு ஒண்ணா, அக்கா வீட்ல இல்லாத நேரமா பார்த்து தின்னிருக்கு" என்றாய். அவள் அடுத்த அறையில் படுத்திருந்ததால் குரலை உயர்த்தவில்லை. அந்த நாகரிகத்துக்காகவே உன்னிடம் முழுவதையும் சொல்கிறேன்.

சிட்டு போன பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியாது. நீ வந்தாய், அழுதாய், வேலைக்குத் திரும்பிவிட்டாய். ஏழு வயதுப் பிள்ளையைக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனோம், வெறுங்கையோடு வந்தோம். அன்றிலிருந்து அவளுக்கு வீடு என்றால் அந்தக் கம்ப்யூட்டர் மேசைதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருக்கும். அவள் பாட்டுக்குத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் வேலைவிட்டு வந்து நின்றால், மின்சாரக் கணக்கெடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அவ்வளவுதான் எனக்கு.

முதலில் ஒரே ஒரு படம்தான். அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். படத்தைச் சாதாரண எழுத்துக் கோப்பைப் போலத் திறந்தால் உள்ளே புரியாத எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். அதில் தலைப்பகுதியில் நாலைந்து வரியை அழித்துச் சேமித்தால் போதும். பெயர் அப்படியே இருக்கும், அளவும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், முகம் மட்டும் இருக்காது.

அன்று மாலை நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்தாள்.

"என்னங்க, சிட்டு திறக்க மாட்டேங்கிறான்."

எத்தனையோ மாதம் கழித்து அவள் என்னைத் தேடி வந்தது அன்றுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஒட்டி உட்கார்ந்தாள். நான் அணைத்துப் போட்டேன். பெயரை மாற்றிப் பார்த்தேன். அவள் என் தோளில் கை வைத்திருந்தாள்.

"நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?"

"இருக்கலாம். பரவால்ல விடு" என்றேன்.

ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாள். அதை நான் யோசிக்காமல் இல்லை. கூடத்துச் சுவரில் இருந்த பெரிய படத்தைச் சட்டம் மாற்றித் தருகிறேன் என்று கொண்டுபோனேன். கடைக்காரன் தொலைத்துவிட்டதாகச் சொன்னேன். அவன் படங்கள் இருந்த உன் போன் திருடுபோனது எனக்கு வசதியாகப் போயிற்று என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாய்.

ஆனால் அவள் லேசில் விடுகிறவள் இல்லை. தெருவில் இறங்கிவிட்டாள். கீழ்வீட்டு டெய்லரம்மாவின் போனில் சிட்டு புதுச் சட்டையோடு நிற்கும் படம் ஒன்று இருந்தது. பள்ளி வேன் டிரைவரிடம் இன்னொன்று. புதையல் கிடைத்ததுபோல இரண்டையும் வாங்கி வந்தாள்.

"இதையாச்சும் பத்திரமா ஏத்தி வைங்க. என் கைராசி சரியில்ல. நான் தொடவே மாட்டேன்."

ஏற்றி வைத்தேன். அவள் சொன்னபடியே தொடவில்லை. தூர நின்று பார்த்ததோடு சரி. அடுத்த வாரம் அவையும் திறக்கவில்லை. அதற்குள் டெய்லரம்மாவையும் டிரைவரையும் தனித்தனியாகப் பார்த்து, பிள்ளையின் படத்தை அவளுக்குக் காட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். இருவரும் கண்கலங்கி, என் எதிரிலேயே அழித்தார்கள். நல்ல மனிதர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அவனுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?"

"மச்சமா? அவனுக்கு மச்சமே இல்லையே."

தன் வலது கன்னத்தைத் தொட்டபடி வெகுநேரம் நின்றாள். சரியான கன்னம்தான். பிறகு, "ஆமால்ல" என்றாள்.

அதோடு அந்த மேசைப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். எந்தப் பக்கமும் போவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். ஆனால் நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள், தம்பி. நேற்று நீயே பார்த்தாய். நீ நீட்டியபோது வாயைத் திறக்கவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சுட்டீங்களா மாமா?" என்று கேட்டாய். இல்லை. பெற்ற பிள்ளையை அழிக்கிற அளவுக்குக் கல்நெஞ்சக்காரன் இல்லை நான். கெடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் பென்டிரைவில் நகல் எடுத்தேன். அலுவலகத்தில் பூட்டி வைத்திருக்கிறேன்.

அதை வாங்கி அக்காவிடம் கொடுக்கலாம் என்று நினைப்பாய். அவளுக்கு அது உதவாது. தெருவில் வாங்கி வந்த அந்த இரண்டைத் தவிர, மற்றப் படங்களை எல்லாம் எடுத்தவன் நான். அதனால் ஒன்றில்கூட நான் இல்லை. எதைத் திறந்தாலும் அவன் அவள் மடியில் இருப்பான், இல்லாவிட்டால் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பான். மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து அவளை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டேன். பொறுமையான வேலை. சிலவற்றில் அவள் விரல்கள் இன்னும் அவன் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ வந்து பார். எல்லாப் படத்திலும் அவன் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான்.