ஜோடி சேராத வால்வு

வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பொறுமைசாலிகள், சார். சுவிட்சைப் போட்டதும் அது பாடாது. உள்ளே இருக்கிற கண்ணாடி வால்வு சூடேறும்வரை உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாகத் தூக்கமில்லை. உடம்பை அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது.

கடையை அண்ணனும் நானும் சேர்ந்து நடத்தினோம். முன்னறையில் அவர் ஆம்ப்ளிஃபயர் பூட்டுவார். பின்னறையில் நான் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவேன். வால்வையும் ஸ்பீக்கரையும் ஒத்துப்போக வைப்பது அதுதான். இன்ன வால்வுக்கு இத்தனை சுற்று என்று கணக்குப் போட்டு, முடிபோன்ற கம்பியை அடுக்கடுக்காகச் சுற்றவேண்டும். ஒன்று முடிய மூன்று நாளாகும். இருபத்திரண்டு வருஷம் சுற்றினேன். வருகிறவர்கள் அண்ணன் காதைத்தான் மெச்சுவார்கள். "அவர் கேட்டுச் சரின்னுட்டா சரிதாங்க" என்பார்கள். பின்னறையில் ஒருவன் முதுகொடிய உட்கார்ந்திருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

ஒருநாள் இசை வாத்தியார் ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு, நான் சுற்றியதைக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "ஒரு பக்கம் இளைச்சிருக்குடா. பிரிச்சுச் சுத்து." குரலில் கோபம்கூட இல்லை. பிரித்து எண்ணினேன். ஒரு பாதியில் பதினோரு சுற்று குறைவு. தப்பாகச் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

நான் செய்தது சின்ன வேலைதான். அண்ணன் பூட்டுகிற ஆம்ப்ளிஃபயரில் இரண்டு வால்வு. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் சமமாகக் கரண்ட் எடுக்கும்வரை டிரான்ஸ்ஃபார்மர் இரும்புக்குத் தொந்தரவில்லை. ஒன்று கூடுதலாக எடுத்தால் இரும்பு ஒருபக்கமாகக் காந்தமேறி, பேஸ் என்கிற அடிச்சத்தம் மெலிந்துவிடும். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் அது தெரியும். காலையில் அண்ணன் வரும்முன் ஒரு வால்வை எடுத்துவிட்டு, ஜோடி சேராத இன்னொன்றைச் செருகிவைப்பேன். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அவர் கேட்பார், முகம் சுளிப்பார். சாப்பிடப் போனதும் பழைய வால்வையே போட்டுவிடுவேன். அளப்பது எப்போதும் என் பொறுப்பு. திரும்பி வந்ததும் இரண்டும் சமம் என்று மீட்டரைக் காட்டுவேன்.

"இப்ப நல்லா இருக்கே. என்னடா பண்ணினே?"

"நான் தொடவே இல்லைண்ணா. காலையிலயும் இப்படித்தான் இருந்துச்சு."

எட்டு மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை. அதற்குமேல் செய்யவில்லை. எதற்கும் ஓர் அளவு உண்டு.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். குழந்தைக் காதுபோல் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டார் அண்ணன். "அப்ப மண்டையிலதான்டா கோளாறு" என்று சிரித்தார். இருக்கலாம் என்றேன். பாவமாகத்தான் இருந்தது. உடன்பிறந்தவர் அல்லவா.

அதன்பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் என்னைக் கேட்பார். குழாய் சொட்டுதாடா, யாராவது கதவைத் தட்டுறாங்களாடா என்பார். பாதிக்குமேல் உண்மையைத்தான் சொன்னேன். அண்ணி ஒருநாள் பின்னறைக்கே வந்துவிட்டார். "நான் கூப்பிட்டாக்கூட உங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் திரும்புறார், தம்பி. அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?" என்று அழுதார். சரியாகிவிடும் என்றேன். அதற்குள் கடையில் எல்லோரும் என்னிடம்தான் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இரும்புத் தகடு வாங்கக் குடோனுக்குப் போனோம். வாங்கிக்கொண்டு கிளம்பும்போது தகடு மூட்டையை அவர்தான் தோளில் வைத்திருந்தார். எனக்கு இடுப்புவலி இருக்கிறதே என்று என்னிடம் தர மறுத்துவிட்டார். வாசலை ஒட்டி உயரமான மதில். அதற்கு அந்தப்பக்கம் சந்தில் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அப்படி வரும்போது பீப் பீப் என்று ஒரு சத்தம் வருமே, அது விடாமல் வந்தது. நீங்கள் பிடித்துவைத்திருக்கிற டிரைவர் சொல்வது முழுக்க உண்மை. அவன் பிள்ளைகுட்டிக்காரன், விட்டுவிடுங்கள்.

அண்ணன் வாசலிலேயே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏதோ வண்டி வர மாதிரி கேக்குதுடா. உனக்குக் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையேண்ணா. நடங்க."

நடந்தார்.

நான் சொன்னது பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குப்பிறகும் கையைப் பிடித்து இழுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான்; ஓர் எட்டு தூரத்தில்தான் இருந்தார், என் கை இரண்டும் காலியாகத்தான் இருந்தன. அன்றைக்கு எனக்கு ஒரே அசதி, சார். இல்லாவிட்டால் இழுத்திருப்பேன்.