அருவா மூக்கு, கத்தி வயிறு

ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் எனக்குப் பின்னால் ஒரு குரல்: "மூக்கு எங்க பக்கமுங்க பாய். வயிறுதான் உங்களுது."

பிள்ளை பிறந்த பேச்சென்று திரும்பினேன். தேங்காய்த் தோப்புக்காரர் மடியில் புதுக் கத்தி: அரிவாளின் வளைந்த மூக்கு, கறிக்கத்தியின் அகன்ற வயிறு. பக்கத்தில் பேகம்பூர் கறிக்கடை பாய். இருவரும் ஆளுக்கொரு யோசனை சொல்லி ஆசாரியிடம் அடித்து வாங்கியதாம்.

"அருவான்னே பேரு வைப்போமுங்க."

"கறி வெட்டுறத அருவான்னா ஆடே சிரிக்கும்ண்ணே. கத்திதான்."

முன்சீட்டுப் பூக்கார அம்மாள் கேட்டார்: "எம் மகனுக்கும் ஒண்ணு வேணும். ஆசாரிகிட்ட என்னன்னு கேக்க?"

"கத்தின்னு கேளுங்கம்மா" என்றார் தோப்புக்காரர்.

அதே மூச்சில், "அருவான்னு கேளும்மா" என்றார் பாய்.

"சம்பந்திகளாட்டம் இம்புட்டு விட்டுக்குடுக்குறீகளே! சம்பந்தின்னே கேட்டுக்கிறேன்."

பஸ்ஸே சிரித்தது. இறங்கும்போது பாய் தோப்புக்காரரை எச்சரித்தார்: "சம்பந்தியப் பாத்துப் புடிங்கண்ணே, கைய வெட்டிரும்."