நாற்காலி கிறீச்சிடும் பாட்டு

காலை ஷிப்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், "பாடறது பொம்பளையே இல்ல, கம்ப்யூட்டரு" என்று குரல் கேட்டு நிமிர்ந்தேன். முன்சீட்டில் இருவர். பேசியவர் உள்ளூர்க்காரர். புதுக் காரில் எங்கே கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று கேட்டுச் சொல்வதுதான் அவர் வேலையாம். பக்கத்தில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கம்; அவர் போனில் ஒரு இங்கிலீஷ் பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே, இங்கிலாந்துல நாட்டுப்பாட்டு பாடுன பொம்பள. அம்பது வருசம் முந்தி ஒரே ஒரு ரெகார்டு போட்டிருக்கா. யாரும் வாங்கல. இப்பத்தான் தேடி எடுத்திருக்காங்க."

"இப்போ தேடி எடுக்கறதெல்லாம் இப்போ செஞ்சதுதான். பழைய ரெகார்டு கரகரப்பைக்கூட கம்ப்யூட்டர்லயே சேர்த்துடுவான்."

"அவ உக்காந்திருக்க நாற்காலி கிறீச்சுங்குது, கேளுங்க."

"அதையும் சேர்ப்பான். ஆனா ஒரே மாதிரி வரும். குடு."

இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். பென்னலூர் தாண்டிய பிறகுதான் திறந்தார்.

"நாற்காலி ஒவ்வொரு தபாவும் வேற மாதிரி கத்துது. கடைசிப் பாட்டுல கத்தவே இல்ல. அசையாம உக்காந்து பாடிக்கீறா. பொம்பளதான்."

"நான் சொல்லல?"

"இரு. நெஜமான பொம்பளன்னா, அன்னிக்கு ஏன் ஒருத்தனும் வாங்கல? இப்ப அந்த ஊர்க்காரனுங்க மனுசனுங்களான்னுதான் எனக்கு டவுட்டு."