நல்லாயிருக்கேன் சார்ஜென்ட்

இல்லீங்கம்மா, தண்ணி வேணாம். நான் நல்லாயிருக்கேன்... பாத்தீங்களா, வாயில வந்துருச்சு. பட்டாளத்துல இருந்தவனை எப்படியிருக்கேன்னு கேட்டா இதுதான் வரும். அதை எழுதிக்காதீங்க. போன தடவை பரிசோதனை பண்ண டாக்டரம்மா எழுதிக்கிட்டாங்க. அதுலதான் வெண்டலோட ஊன பென்ஷன் மனுவுக்கு வேட்டு வச்சாங்க.

ஆமாங்கம்மா, வெண்டலோட வக்கீல் தம்பி கூப்பிட்டாரு, சாட்சி சொல்லத்தான் வந்திருக்கேன். லாயிட் ப்ரூயிட். ரெண்டாயிரத்து அஞ்சுல, இராக் சண்டையில, மொசூல்ல, இந்த வெண்டலுக்கு நான் சார்ஜென்ட். இப்ப கென்டக்கில ரெண்டு வீடும் ஒரே ரோட்டுல. இன்னைக்கும் நான்தான் வண்டியில கூட்டிட்டு வந்தேன். வழியில நாலு இடத்துல நிறுத்தினோம். உக்கார முடியலைன்னு சொல்ல மாட்டான், காபி குடிக்கலாம்பான். நாலு காபி குடிச்சாச்சு.

அந்தப் பரிசோதனைக்கும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஐயா சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவைப் பளபளன்னு பாலிஷ் பண்ணிட்டு வந்தாரு. அவன் எங்க பண்றது, குனிய முடியாதே, அவன் சம்சாரம் நோரீன் பண்ணா. டாக்டரம்மா எப்படியிருக்கீங்கன்னு கேட்டாங்க. நல்லாயிருக்கேன் மேடம்னான். குனியுங்க, வலிச்சா நிறுத்திடுங்கன்னாங்க. குனியுங்கங்கறது மட்டும்தான் இவன் காதுல விழுந்திருக்கு. உத்தரவாச்சே. தரையைத் தொட்டுட்டான்மா. வெளியில வந்து என் வண்டி பின்சீட்டுல குப்புற விழுந்தவன், வீடு வர்ற வரைக்கும் எந்திரிக்கல. முதுகு நல்லா வளையுதுன்னு உங்களுக்கு அறிக்கை வந்துச்சு.

சிரிக்காதே வெண்டல், உன்னைப் பத்தித்தான் பேசுறேன்.

கூரை போடுற வேலை பாத்தவன்மா. இப்ப ஒரு பொட்டலம் ஆணியைத் தூக்கினா மூணு நாளைக்குப் படுக்கை. படுக்கைன்னு சொல்றேன், படுக்கவும் முடியாது, சாய்வு நாற்காலியிலதான் தூக்கம். சர்ச்சுல பிரசங்கம் முடியற வரைக்கும் கடைசிச் சுவர்ல சாஞ்சு நிப்பான். புதுசா வர்றவங்க வாசல்ல வரவேற்க பாஸ்டர் ஆள் போட்டிருக்காருன்னு நெனச்சு இவன்கிட்டதான் கை குடுப்பாங்க. இவனும் சளைக்காம குடுப்பான்.

அது வேடிக்கை. வேடிக்கை இல்லாதது ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். போன மாசம் நோரீன், இவன் கைக்கு எட்டக்கூடாதுன்னு, இவனோட துப்பாக்கி மூணையும் என் வீட்டுல கொண்டுவந்து வச்சுட்டா. மான் வேட்டை சீசனுக்கு எண்ணெய் போட்டு வைக்கணும்னு இவன்கிட்ட சொல்லியிருக்கோம். மான் சீசனுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு. ஏன்னு இவன் கேக்கவே இல்லை. எனக்கு அதுதான் பயமாயிருந்துச்சு.

சரிங்கம்மா, விஷயத்துக்கு வர்றேன். அடிபட்டதுக்கு எழுத்துல ஆதாரம் எங்கேன்னு மனு போட்ட மூணு தடவையும் கேட்டீங்க. நியாயந்தான். அந்தக் காலத்துல எங்க ஆளுங்க யாரும் மருத்துவக் கூடாரத்துப் பக்கம் போகமாட்டாங்க. போனா, வலிக்குதா கண்ணுன்னு ராத்திரி சாப்பாட்டு வரிசையில மானத்தை வாங்கிருவானுங்க. நானும் வாங்கியிருக்கேன். ஆனா வெண்டல் போனான். ஒரே ஒரு தடவை. குண்டுப் பெட்டி இறக்கும்போது வண்டி மேலேருந்து மல்லாக்க விழுந்தான், பெட்டி இவன் மேலயே விழுந்துச்சு. மறுநாள் காலையில காலு மரத்துப் போச்சுன்னு போனான்.

டாக்டர் சீட்டு குடுத்தாரு. கீழ் முதுகுல பலத்த அடி, இடது கால்ல உணர்ச்சி குறைவு, பத்து நாள் கவசச் சட்டை போடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் படம் எடுக்கணும். அந்தச் சீட்டைச் சார்ஜென்ட்கிட்ட குடுக்கணும், சார்ஜென்ட் ஆபீஸ்ல சேர்க்கணும். அதான் முறை. கூடாரத்தைக் காலி பண்ணப்ப அவங்க பதிவேடெல்லாம் எங்கேயோ போயிருச்சு. ஆக, இருந்தது அந்த ஒரு சீட்டுதான்.

என் சார்ஜென்ட் சேர்த்தாரு, நீங்கதான் தொலைச்சிட்டீங்கன்னு இவன் உங்களுக்கு வருஷா வருஷம் எழுதுறான். நோரீன் வீட்டுச் சமையக்கட்டுல உக்காந்து, பீன்ஸும் சோளரொட்டியும் தின்னுக்கிட்டே உங்க ஆபீசை நாங்க திட்டாத திட்டு இல்லை. மன்னிக்கணும். அதுல என் சத்தம்தான் பெருசா இருக்கும்.

என்னங்கம்மா? இல்லீங்க, இருபது வருஷத்துக்கு முன்னாடி படிச்சதை யாரால வரி வரியா ஒப்பிக்க முடியும். அவ்வளவு ஞாபகசக்தி எனக்கில்லை. இன்னைக்குக் காலையில வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு வந்தேன்.

இந்தாங்க. பர்ஸ்ல, மீன்பிடிக்கிற லைசன்சுக்குப் பின்னாடி வச்சிருந்தேன். மெதுவாப் பிரிங்க, மடிப்புல கிழிஞ்சிருக்கு. கீழ டாக்டர் கையெழுத்து இருக்கு பாருங்க. அதுக்குக் கீழ சார்ஜென்ட் கையெழுத்துப் போடுற இடம் காலியா இருக்கும்.

அந்த வாரம் பெரிய வண்டி ஓட்ட என்கிட்ட ரெண்டே ஆளு. ஒருத்தனுக்குக் காய்ச்சல். பத்து நாள் கழிச்சுச் சேர்த்துக்கலாம்னு பையில போட்டேன். மறந்துட்டேன்னு சொல்ல வந்தேன். சத்தியம் பண்ணியிருக்கேன். மறக்கல. ஊருக்கு வந்தப்புறம் சொல்லியிருக்கலாம், அதுக்குள்ள இவன் தனக்குப் பொறந்த பையனுக்கு லாயிட்னு என் பேரை வச்சுட்டான். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

சீட்டு குடுத்த மறுநாள் காலையில இவன்கிட்ட கேட்டேன், எப்படிடா இருக்கேன்னு. சீட்டைச் சேர்த்தாச்சு, பதில் வர்ற வரைக்கும் வண்டி ஓட்டுடான்னும் சொன்னேன். நல்லாயிருக்கேன் சார்ஜென்ட்னான். கவசச் சட்டையை நானே எடுத்து மாட்டி விட்டேன். அதோட ஏழு மாசம் வண்டி ஓட்டினான்.

வக்கீல் தம்பி, என் கையைப் பிடிக்காதீங்க, எனக்கு என்ன ஆகும்கிறதை அப்புறம் பாத்துக்கலாம். வெண்டல், நீ உக்காருடா. வேணாம், நில்லு, உனக்கு நின்னாத்தான் ஆகும்.

அம்மா, அவன்கிட்ட இப்ப கேளுங்க, எப்படியிருக்கேன்னு. நான் வெளியில நிக்கிறேன்.