குழி வேலைக்குக் கருவி பொருத்திக் கொடுத்த விவரம்

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது அறுபத்தேழு. வேதியியல் பட்டம் பெற்றவன். மாவு ஆலையின் பொருள் கிடங்கில் பொறுப்பாளராக இருக்கிறேன். ஓய்வு பெற்ற பின் ஒப்பந்தத்தில் இது ஆறாவது ஆண்டு. எனக்குக் கோர்வையாகப் பேச வராது என்பதால், சொல்லப்போவதை முதலில் எண்ணிட்டுக் கொடுக்க அனுமதி கேட்டேன். காவல் ஆய்வாளர் சம்மதித்தார்.

1. வாயு காட்டும் கருவியும் அதன் துணைப் பொருட்களும் என் பொறுப்பில் இருந்தன.
2. செவ்வாய்க்கிழமை காலை அவற்றை நானே பொருத்தினேன்.
3. எல்லாவற்றையும் பொருத்திய பின், கசிவு இல்லை என்று சோதித்தேன்.
4. கருவியை ஃபிட்டரிடம் கொடுத்தேன்.

கருவி சட்டைப்பைக்குள் அடங்கும். ஆலையில் அதை மூக்கு என்பார்கள். கெட்ட வாயு இருந்தால் அலறும். இடுப்பில் மாட்டும் கிளிப், தோலுறை, தூசி வடிகட்டி, காற்றை இழுக்கும் சிறு பம்பு, மூன்று மீட்டர் குழாய், குழாய் முனையில் திருகும், உள்ளே காற்று போக வழியுள்ள நீளக் குச்சி ஆகியவை அதனுடன் சேர்ந்தவை. வடிகட்டியை மாதம் ஒருமுறை மாற்றுவேன். சுருட்டி வைத்தால் குழாயில் வெடிப்பு விழும் என்பதால் ஆணியில் நேராகத் தொங்கவிடுவேன். உறையை ஈரத்துணியால் மட்டும் துடைப்பேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஃபிட்டரும் அவர் தம்பியும் கிடங்குக்கு வந்தார்கள். கழிவுநீர்க் குழியில் அடைப்பு என்றார்கள். நான் வடிகட்டியைப் பார்த்து, பம்பைப் பொருத்தி, குழாயை மாட்டி, குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தேன். அப்படி அடைத்தால் பம்பு திணறிக் கருவி அலற வேண்டும். அலறாவிட்டால் நடுவில் எங்கோ வெளிக்காற்று புகுகிறது என்று பொருள். அலறியது.

"பெரியவரே, நீங்க தொட்டாலே கத்துதே, வீட்லயும் இப்படித்தானா?" என்று தம்பி கேட்டார். இருவரும் சிரித்தார்கள். நான் விரலை எடுத்துவிட்டேன்.

அதன் பின்பு ஃபிட்டர், "குழி ஆழம் பெரியவரே. வெறும் குழாய்னா ஆடிக்கிட்டே இருக்கும். அந்தக் குச்சியும் மாட்டிக் குடுங்க" என்றார். நான் குச்சியை அடுக்கிலிருந்து எடுத்துத் துடைத்து, குழாய் முனையில் திருகி, பதிவேட்டில் 'சோதிக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

அதன் பின்பு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. குச்சியைக் குழிக்குள் விட்டதாகவும், கருவி சுழியம் காட்டியதாகவும், அதை நம்பித் தம்பியை இறக்கியதாகவும் ஃபிட்டர் சொல்கிறார். அங்கே எப்போதும் நாற்றம்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான்காவது படியில் தம்பியின் பிடி நழுவியது. கயிற்றால் மேலே இழுத்தார்கள். மூன்று நாளாக மருத்துவமனையில் கண் திறக்கவில்லை.

கருவி தானாகச் சேமிக்கும் பதிவில் அந்த நேரம் முழுவதும் சுழியமே இருக்கிறது. அதை வைத்து ஆலை மேலாளர், "குச்சிய உள்ள விடவே இல்லை. மேல நின்னு பாத்துட்டு இறங்குடான்னு சொல்லியிருக்கான்" என்று புகார் கொடுத்தார். ஃபிட்டர் நேற்று முதல் காவலில் இருக்கிறார். மேலாளர் என்னிடம், "பெரியவரே, சோதிச்சுத்தான் குடுத்தேன்னு சொல்லுங்க, அது போதும். வேற எதையும் இழுக்காதீங்க" என்றார். சோதித்துத்தான் கொடுத்தேன் என்று நானும் எண்ணியிருந்தேன்.

இன்று காலை காவல் நிலைய வாசலில் அவர்களுடைய அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஐயா, ஒருத்தன் அங்க கெடக்கான், ஒருத்தன் இங்க கெடக்கான். அவன் அந்தக் குச்சிய உள்ள விட்டானா, இல்லையா? உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

இதுவரை சொன்னதை ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னேன். விரல் வைத்தது முதலில் வருகிறது; குச்சி பிறகு வருகிறது. நடந்ததும் அந்த வரிசையில்தான். குச்சியின் நுனியில் துளைகள் பக்கவாட்டில் இருக்கும். அவற்றை அடைக்க இரண்டு கையும் வேண்டும். அன்று நான் அப்படிச் செய்யவில்லை. மறுபடியும் சிரிப்பார்களோ என்று விட்டேனா, மறந்தே போனேனா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. திருகுக்குள் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் இருந்ததா என்றும் பார்க்கவில்லை.

அந்தத் திருகு ஃபிட்டரின் கையருகே, குழிக்கு வெளியேதான் இருந்திருக்கும். அங்கே வெளிக்காற்று புகுந்திருந்தால், அவர் குச்சியை அடிவரை விட்டிருந்தாலும் கருவி சுழியமே காட்டும். காவல்துறை எடுத்துவைத்திருக்கும் குச்சியைக் குழாயிலிருந்து பிரிக்காமல், நுனித் துளைகளை அப்படியே ஒருமுறை அடைத்து, கருவி அலறுகிறதா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

யாரும் வற்புறுத்தாமல், தெளிந்த நினைவோடு சொன்னேன். நான் பார்த்ததாகச் சொன்னவை பார்த்தவை. கேட்டதாகச் சொன்னவை கேட்டவை. மூன்றாம் எண்ணில் சொன்னது தவறு. அதை அடிக்காமல் அப்படியே விட்டு, இதைக் கீழே சேர்க்கச் சொன்னேன்.

(ஒப்பம்)
கிடங்குப் பொறுப்பாளர்