பொறியாளர் கிண்டல்

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை சற்றுக் கூடுதல். ஆயினும் குறை சொல்வதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். இதையே எங்கள் நாளிதழில் வெளியிட்டால், 'காவல் நிலையத் தேநீர்: கைதி கிண்டல்' என்று நானே தலைப்பிட்டிருப்பேன். செய்திகளுக்குத் தலைப்பு வைப்பதுதான் என் பணி.

எங்கள் தொழிலில் எவரும் எதையும் சும்மா சொல்லிவிட முடியாது. வாய் திறந்தால் சாடுவார். சற்று உரக்கப் பேசினால் விளாசுவார். முகம் மலர்ந்து பேசினாலோ கிண்டலடிப்பார். இவற்றுள் மிகவும் பயனுள்ளது கிண்டலே. 'கூறினார்' என்று எழுதினால், எங்கே கூறினார் என்று ஒலிப்பதிவைக் கேட்பார்கள். 'கிண்டல்' என்று எழுதினால் ஆதாரம் கேட்பார் இல்லை. படிப்பவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டால் போதும், அதுவே ஆதாரமாகிவிடுகிறது. வாசகப் பெருமக்கள்மீது எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தலைப்பை மட்டும் படிப்பார்கள், கொதிப்பார்கள், மறுநாள் அந்தத் தாளையே அலமாரித் தட்டில் விரிப்பார்கள்.

இறந்தவர் என் தங்கையின் கணவர். குடிநீர் வாரியத்தில் பொறியாளர். பெரிய குழாய் உடைந்து பாதி ஊர் தண்ணீரின்றித் தவித்தபோது, நீரேற்று நிலைய வாசலில் பெண்கள் காலி வாளிகளுடன் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் சொன்னதை எங்கள் நிருபர் அம்மையார் ஓர் எழுத்துப் பிசகாமல் அனுப்பியிருந்தார்: "குழாயை மாத்த இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா. மழை வர்ற மாதிரி இருக்கு, வாளியை வெளியில வைங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தான் வச்சிருக்கோம்."

அது உண்மைதான். அவர் வீட்டு மொட்டை மாடியில் வாளிகளை வரிசையாக வைத்துக் கொடுத்தவனே நான்.

கடைசி வாக்கியத்தை நீக்கினேன். இடம் போதவில்லை என்று முதலில் தங்களிடம் சொன்னேன், மன்னிக்க வேண்டும். இடம் இருந்தது. மிஞ்சிய இடத்தை நிரப்பக் கோடு ஒன்று போட வேண்டியிருந்தது. தலைப்பு இவ்வாறு அமைந்தது: 'மழை வந்தால் வாளி வையுங்கள்: தண்ணீரின்றித் தவிக்கும் மக்களிடம் பொறியாளர் கிண்டல்.'

அச்சுக்குப் போகுமுன் நிருபர் என் மேசைக்கு வந்தார். "சார், அவர் கிண்டல் எல்லாம் பண்ணலை. பாவம், சாதாரணமாத்தான் சொன்னார்."

"சாதாரணமாச் சொன்னதை யாரும்மா காசு குடுத்து வாங்குவாங்க?"

"அவர் உங்க மாப்பிள்ளைதானே சார்?"

"அதனாலதான் பாரபட்சம் பார்க்கலை."

அவர் தம் இருக்கைக்குத் திரும்பிவிட்டார். நேர்மை என்ற சொல்லுக்கு எங்கள் அலுவலகத்தில் இன்னும் கொஞ்சம் மதிப்பு மிச்சமிருக்கிறது.

மறுநாள் காலையிலேயே அலுவலகம் சென்றுவிட்டேன். மாலை நேர ஊழியனுக்குக் காலையில் அங்கு என்ன வேலை என்று கேட்கிறீர்கள். தொலைபேசியை எடுக்க ஆள் வேண்டுமல்லவா? எதிர்பார்த்தபடியே ஒரு வாசகர் அழைத்தார்.

"சார், அந்த இன்ஜினியர் வீடு எங்க இருக்கு? நேர்ல ரெண்டு வார்த்தை கேக்கணும்."

"எத்தனை பேர் போறீங்க?"

"தெருவே கிளம்பியிருக்கு சார்."

வாசகர் கேட்டால் சரியான தகவல் தருவது நம் கடமை. தெருவின் பெயர், வீட்டு எண், பச்சை நிறக் கதவு, எல்லாவற்றையும் சொன்னேன். "நாய் ஒண்ணு இருக்கு, குரைக்கும், கடிக்காது" என்பதையும் சேர்த்துக்கொண்டேன். பொதுமக்கள் வீணாக அஞ்சக் கூடாது.

சற்று நேரத்தில் தங்கை அழைத்தாள். பின்னால் வாளிகளைத் தட்டும் ஓசை கேட்டது. "அண்ணா, அவர் அப்படிச் சொல்லலைன்னு நீயாவது இவங்ககிட்ட சொல்லேன். பேப்பர்காரன் சொன்னா கேப்பாங்க. இவர் வேற, பேசிப் புரிய வைக்கிறேன்னு வெளியில போறார்."

"அச்சுல வந்ததை நான் எப்படிம்மா மறுக்கறது?" என்றேன்.

அவர் வாசற்படியில் நின்று கைகூப்பினாராம். அதையும் கிண்டல் என்றே கூட்டம் எடுத்துக்கொண்டது. யாரோ தள்ளினார்கள், பின்னந்தலை படி விளிம்பில் மோதியது. தள்ளியவரைத் தாங்கள் தேடுவதாக அறிகிறேன். சிரமம் வேண்டாம். நான் அலுவலகத்தில் இருந்தபடியே அந்தக் கதவு வரை அவர்களை அழைத்துச் சென்றேன். மிச்சமிருந்த ஒரு சிறு தள்ளலை மட்டுமே அவர்கள் செய்தார்கள். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பமிடுகிறேன்.

காரணத்தையும் கூறிவிடுகிறேன். அவர் பல ஆண்டுகளாக என்னைக் கிண்டல் செய்து வந்தார். உறவினர் கூடிச் சாப்பிடும்போதெல்லாம், "நம்ம வீட்டுல பெரிய ஆளு மச்சான்தான். அவர் ஒரு வார்த்தையை மாத்தினா ஊரே மாத்திப் படிக்கும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சோறு பிசைவேன்.

அவர் பெருமையாகவே சொன்னார் என்று தங்கை வாக்குமூலம் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அவருடைய அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் நான் வைத்த தலைப்புகளைக் கத்தரித்துச் செருகியிருந்தாராம். வருவோர் போவோரிடமெல்லாம் 'எங்க மச்சான் போட்டது' என்று காட்டுவாராம். தாங்களே நேரில் பார்த்தீர்களாம்.

தங்கள் விசாரணையை மதிக்கிறேன், ஐயா. ஆயினும் அவற்றையும் அவர் கிண்டலுக்காகத்தான் வைத்திருந்தார் என்பது என் தாழ்மையான கருத்து.